டேக்வாண்டோவுக்கு எத்தனை வயது?

டேக்வாண்டோ பயிற்சிக்கூடங்களில் பெல்ட் தேர்வின்போது உதைகளையும் தடுப்புகளையும் செய்துகாட்டிய பிறகு வாய்மொழியாகச் சில கேள்விகள் கேட்பார்கள். அவற்றுள் ஒன்று, இந்தக் கலைக்கு எத்தனை வயது என்பது. நான் பயின்ற கூடத்தில் இதற்கு எதிர்பார்க்கப்பட்ட விடை 2000 ஆண்டுகள். ஹனா, துல், செத் என்று கொரிய மொழியில் எண்ணிக்கொண்டே உதைக்கப் பழகிய எங்களுக்கு அதைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை. பின்னாளில் இக்கலையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அந்த 2000 ஆண்டுகளுக்கான சான்றுகள் மிகவும் மெலிந்தவை என்பதும், உண்மையான கதை ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது என்பதும் தெரியவந்தன. இதனால் எனக்கு ஏமாற்றம் ஏற்படவில்லை. ஒரு நாடு, அடிமைப்பட்ட காலத்தில் கற்றுக்கொண்ட ஒன்றை விடுதலைக்குப் பிறகு தன்னுடையதாக மாற்றிக்கொண்ட விதம், பழம்பெருமைக் கதையைவிட எனக்குப் பெரிதாகவே படுகிறது.

முதலில் அந்தப் பழம்பெருமையைப் பார்த்துவிடலாம். பண்டைய கொரிய அரசான கோகுரியோவின் பழைய தலைநகரப் பகுதியில், இன்றைய சீனாவின் ஜியான் நகரருகே, முயோங்சோங் என்ற கல்லறை இருக்கிறது. அதன் சுவரோவியங்களில் இடைத்துணி மட்டும் அணிந்த இருவர் கைகளை நீட்டி எதிரெதிரே நிற்கிறார்கள். அதிகாரபூர்வ வரலாறுகள் இதை டேக்வாண்டோவின் தொடக்கமாகக் காட்டுகின்றன. ஆனால் அந்த இருவரும் மல்லுக்கு நிற்கிறார்களா, குத்துச்சண்டைக்கு நிற்கிறார்களா, சடங்காட்டம் ஆடுகிறார்களா என்று ஓவியத்தைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. கியோங்ஜூ அருகே சொக்குராம் குடைவரையில் மடக்கிய கைமுட்டியை உயர்த்தி நிற்கும் வாயிற்காவலர் சிற்பங்களும் சான்றாகச் சொல்லப்படுகின்றன. அவ்வாறு நிற்கும் காவலர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் உள்ள பௌத்தக் கோயில்களிலும் உண்டு. இன்னொரு பண்டைய கொரிய அரசான சில்லாவின் ஹ்வாராங் இளைஞர் குழுக்களைப் பற்றிய பழைய நூல்கள் அவர்களின் ஒழுக்கத்தையும் வீரத்தையும் பேசுகின்றனவே அன்றி, அவர்கள் எப்படி உதைத்தார்கள் என்று எங்கும் சொல்வதில்லை.

பிற்கால ஜோசன் அரச மரபின் காலத்துக்கு வந்தால் சான்றுகள் கொஞ்சம் கெட்டிப்படுகின்றன. ஜியோங்ஜோ மன்னரின் ஆணைப்படி 1790இல் தொகுக்கப்பட்ட முயே தோபோ தோங்ஜி என்ற படைக்கலைக் கையேட்டில் 24 பயிற்சிகள் படங்களோடு விளக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் வெறுங்கைச் சண்டைக்கென்று ஒரு பகுதியும் உண்டு. ஆனால் அந்தப் பகுதி மிங் காலச் சீனத் தளபதி சீ ஜிகுவாங்கின் கையேட்டைத் தழுவியது. கொரியாவுக்கே உரிய உதைக்கலை என்று துணிந்து சொல்லத்தக்கது தேக்கியோன் ஒன்றுதான். 1846இல் யூ சுக் வரைந்ததாகக் கருதப்படும் ஓர் ஓவியத்தில் ஒருபுறம் மல்யுத்தம் நடக்கிறது, மறுபுறம் இரண்டு இளைஞர்கள் தேக்கியோன் ஆட முனைந்து நிற்கிறார்கள். சுற்றிலும் தொப்பி அணிந்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். தேக்கியோன் ஆடுபவர் முழங்காலை வளைத்து, உடலை ஊசலாக அசைத்து, தாளக்கட்டோடு அடிவைத்து, எதிராளியின் காலை வாரிவிட்டோ தலைக்கு உதைத்தோ வீழ்த்த முயல்கிறார். முட்டியை இறுக்கி நேர்கோட்டில் குத்துவது அதில் இல்லை. மனனம் செய்து ஒப்பிக்கும் வடிவப் பயிற்சிகளும் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் அது அற்றுப்போகும் நிலைக்கு வந்தபோது சியோலில் அதை நினைவில் வைத்திருந்தவர்களுள் முதன்மையானவர் 1893இல் பிறந்த சோங் தோக்-கி. கொரிய அரசு 1983இல் அதை அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2011இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. இந்தக் கலையிலிருந்து ஆசிரியர், மாணவர் என்று வழிவழியாக டேக்வாண்டோ வந்ததாகக் காட்டும் சங்கிலி எதுவும் இல்லை.

சங்கிலி வேறு திசையில் போகிறது. 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மேற்படிப்பு வேண்டுமென்றால் வசதியுள்ள கொரியக் குடும்பங்கள் பிள்ளைகளை டோக்கியோவுக்கோ கியோட்டோவுக்கோ அனுப்பின. அதே காலத்தில்தான் ஒகினாவாவிலிருந்து வந்த ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி, பின்னர் பல்கலைக்கழகங்களில் அதற்கு மன்றங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அங்கே சேர்ந்த கொரிய மாணவர்களுள் ஒருவர் லீ வோன்-குக். அவர் 1944இல் சியோலில் சுங் தோ குவான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். ஃபுனாகோஷியிடமே பயின்ற ரோ பியோங்-ஜிக் கேசோங் நகரில் சோங் மூ குவானைத் தொடங்கினார். 1945இல் விடுதலை வந்ததும் மேலும் சில கூடங்கள் முளைத்தன. மஞ்சூரியாவில் சீனச் சண்டைக்கலையும் ஜப்பானில் தோயாமா கன்கெனிடம் கராத்தேயும் கற்ற யூன் பியோங்-இன் சியோல் ஒய்.எம்.சி.ஏ.வில் கற்பித்தார். சோன் சாங்-சோப் ஜூடோ கூடமொன்றின் கிளையாகத் தம் வகுப்பை நடத்தினார். ரயில்வேயில் வேலைபார்த்த ஹ்வாங் கீ மூ தோக் குவானை நிறுவினார். அலுவலக நூலகத்தில் கிடைத்த ஒகினாவா கராத்தே நூல்களைப் படித்துத் தாம் கற்றுக்கொண்டதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். கொரியப் போர் முடிந்தபோது யூனும் சோனும் சியோலில் இல்லை. அவர்களின் மாணவர்களே கூடங்களைப் புதிய பெயர்களில் தொடர்ந்து நடத்தினார்கள்.

இந்தக் கூடங்களில் கற்பிக்கப்பட்டதற்கு தங்சுதோ, கொங்சுதோ என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் கராத்தே என்பதைச் சீன எழுத்தில் எழுதிக் கொரிய ஒலிப்பில் படிப்பதுதான். கற்பிக்கப்பட்ட கட்டாக்களும், அதாவது மனனம் செய்து ஒப்பிக்கும் வடிவப் பயிற்சிகளும், கராத்தேயினுடையவையே. இன்றும் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒகினாவா பள்ளிப் பிள்ளைகளுக்காக கராத்தே ஆசிரியர் இதோசு அங்கோ அமைத்த வரிசையிலிருந்து வந்த ஹேயான் ஷோதான் என்ற முதல் கட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் திரும்பி, இடக்கையால் கீழ்த்தடுப்பு, வலக்காலை முன்வைத்து வலக்கைக் குத்து. அடுத்து சோய் ஹோங் ஹி வகுத்த சோன்-ஜி என்ற முதல் வடிவம்: இடப்பக்கம் திரும்பி, இடக்கையால் கீழ்த்தடுப்பு, வலக்காலை முன்வைத்து வலக்கைக் குத்து. 1970களில் தென்கொரியா புதிதாக அமைத்த தேகுக் வரிசையின் முதல் பூம்சேயும் (வடிவமும்) இப்படியே தொடங்குகிறது. நிற்கும் நிலையின் நீளமும் இடுப்பின் அசைவும்தான் வேறு. கொரியாவின் கல்லறை ஓவியங்களில் இல்லாத தொடர்ச்சி இந்த இரண்டு அசைவுகளில் இருக்கிறது.

மேலே பெயர் வந்த சோய் ஹோங் ஹியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1918இல் இன்றைய வடகொரியாவில் பிறந்த இவர், கியோட்டோவில் படிக்கும்போது கராத்தே கற்று, போர்க்காலத்தில் ஜப்பானியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, அதற்கெதிரான சதியில் ஈடுபட்டதாகச் சிறைப்பட்டு, விடுதலைக்குப் பின் தென்கொரிய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தவர். ஜேஜு தீவில் 1953இல் 29ஆம் காலாட்படைப் பிரிவை அமைத்தபோது, அதன் வீரர்கள் அனைவருக்கும் வெறுங்கைச் சண்டையைப் பாடமாக்கினார். நாம் தே-ஹி என்ற அதிகாரி அவருக்கு வலக்கையாக இருந்தார். அதிபர் சிங்மான் ரீயின் முன்னால் நாம் தே-ஹி அடுக்கிவைத்த 13 கூரை ஓடுகளை ஒரே குத்தில் உடைத்ததும், அதிபர் மகிழ்ந்து இது நம் தேக்கியோன் அல்லவா என்று கேட்டதும், அங்கிருந்தோர் பின்னாளில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி. ஜப்பானை வாழ்நாளெல்லாம் எதிர்த்த அதிபரிடம், இல்லை, இது கராத்தே என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. தேக்கியோனை ஒலியில் நினைவூட்டும் டேக்வாண்டோ என்ற பெயரை 1955இல் ஒரு குழுவைக் கூட்டிச் சோய் ஏற்கச் செய்தார். பிற கூடங்கள் அதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1961 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சங்கங்கள் ஒன்றாக்கப்பட்டபோது தேசூதோ என்ற சமரசப் பெயர்தான் வந்தது. மலேசியாவுக்கான கொரியத் தூதர் பதவியிலிருந்து திரும்பிய சோய், சங்கத்தின் தலைவராகி, 1965இல் தம் பெயரை மீண்டும் நிலைநாட்டினார்.

பெயரோடு அவர் நிற்கவில்லை. ஜப்பானியக் கட்டாக்களுக்கு மாற்றாக அவர் வகுத்த 24 வடிவங்களில், ஒவ்வொன்றின் பெயரும் அசைவுகளின் எண்ணிக்கையும் கொரிய வரலாற்றைச் சுமக்கின்றன. யுல்-கோக் என்ற அறிஞரின் பெயரிலான வடிவத்தின் 38 அசைவுகள் அவர் பிறந்த ஊரின் அட்சரேகையைக் குறிக்கின்றன. ஜப்பானிய அரசியல் தலைவர் இதோ ஹிரோபூமியை ஹார்பினில் சுட்டுக்கொன்று 1910இல் தூக்கிலிடப்பட்ட ஆன் ஜுங்-குனின் வயது கொரியக் கணக்குப்படி 32. அவர் பெயரிலான வடிவத்தில் 32 அசைவுகள். எனக்கு மிகவும் பிடித்தது ஹ்வா-ராங். சில்லா நாட்டு இளைஞர் குழுவின் பெயரைத் தாங்கிய அதில் இருப்பவை 29 அசைவுகள். சோயின் விளக்கப்படி அந்த 29, அவர் அமைத்த 29ஆம் காலாட்படைப் பிரிவு. சில்லா காலப் பெயரும் 1953ஆம் ஆண்டுப் படைப்பிரிவின் எண்ணும் ஒரே வடிவத்துக்குள் அமர்ந்திருக்கின்றன. பழமை எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிட நேர்மையான ஒப்புதல் வேண்டியதில்லை. ஆனாலும் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டால் உடலசைவு மாறிவிடுவதில்லை. 1960களின் தொடக்கத்தில் ஒரு கராத்தேக்காரர் சியோலுக்கு வந்திருந்தால், தம் வீட்டுக்கே வந்ததுபோல் உணர்ந்திருப்பார்.

மாற்றம் வந்தது வேறு வழியில். அக்காலக் கராத்தேப் போட்டிகளில் எதிராளியின் மேல் படுவதற்கு முன் அடியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய அடி உண்மையில் பட்டிருக்குமா என்று நடுவர்தான் ஊகிக்க வேண்டும். இது கொரிய இளைஞர்கள் சிலருக்கு, குறிப்பாக ஜி தோ குவான் என்ற கூடத்தைச் சேர்ந்தவர்களுக்கு, உப்புச்சப்பற்றதாகத் தோன்றியது. ஜப்பானிய வாட்போட்டிக் கவசத்தைப் பார்த்து, மூங்கில் பட்டைகளைத் துணியில் பொதிந்து மார்பில் கட்டிக்கொண்டு, முழு வலுவோடு அடித்துப் பார்த்தார்கள். ஹோகு எனப்படும் இந்த மார்புக் கவசத்தைக் கட்டிக்கொண்டே 1960களில் தேசிய விளையாட்டு விழாவில் போட்டிகள் நடக்கத் தொடங்கின. முகத்தில் குத்தக் கூடாது, ஆனால் உதைக்கலாம்; உடம்பில் குத்தலாம், ஆனால் எதிராளியை நிலைகுலையச் செய்யாத குத்துக்குப் புள்ளி கிடைப்பது அரிது. இந்த விதிகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மோதினால் உடல் என்ன செய்யும்? கைகளை முகத்துக்கு முன்னால் வைத்திருக்க வேண்டிய தேவை குறைகிறது, கைகள் தாழ்கின்றன. ஆழ்ந்து ஊன்றிய நிலை உதைக்குத் தடையாகிறது, நிலை உயர்ந்து கால்கள் துள்ளத் தொடங்குகின்றன. முன்பாதத்தின் பந்துப்பகுதியால் குத்தும் உதையைவிட, புறங்காலால் சுழற்றி அடிக்கும் உதை வேகமானது, நீளமானது. ஹோகுவில் பட்டால் அரங்கமே கேட்கும்படி சத்தம் எழுப்புவது. அந்தச் சத்தத்துக்கு நடுவர்கள் புள்ளி கொடுத்தார்கள். முன்னேறி வருபவனைத் திரும்பிப் பின்னுதையால் நிறுத்துவது, மேலிருந்து குதிகாலைக் கோடரிபோல் இறக்குவது, ஒரு காலில் உதைத்துத் தரை தொடுவதற்குள் மறுகாலால் உதைப்பது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கராத்தேயிலிருந்து கண்ணால் பார்த்தாலே வேறுபடுத்தக்கூடிய ஒரு சண்டைமுறை உருவாகிவிட்டது. கொரியர்களுக்குக் காலால் ஆடுவதில் பழைய நாட்டம் இருந்ததை நான் மறுக்கவில்லை. அந்த விதிகளை அமைத்தவர்களின் மனதில் தேக்கியோனின் நினைவு கொஞ்சம் இருந்திருக்கக்கூடும். எனினும் டேக்வாண்டோவைக் கொரியக் கலையாக்கியதில் முயோங்சோங் ஓவியத்தைவிட ஹோகுவுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் துணிபு.

அரசு இதைக் கவனித்தது. 1971இல் அதிபர் பார்க் சுங்-ஹீ, டேக்வாண்டோவைத் தேசியக் கலையாகக் குறிப்பிட்டுத் தம் கைப்பட எழுதிக்கொடுத்தார். அதே ஆண்டு சங்கத் தலைவரான கிம் உன்-யோங் அரசின் உள்வட்டத்தைச் சேர்ந்தவர், ஆங்கிலம் அறிந்தவர், கூடங்களுக்கிடையேயான பழைய சண்டைகளில் பொறுமையற்றவர். 1972 நவம்பரில் சியோலின் கங்னம் பகுதிக் குன்றொன்றின் மேல் ஓட்டுக்கூரையோடு டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் எழுந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அங்கேயே முதல் உலகப் போட்டி நடந்தது. உடனடியாக உலகக் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது. கருப்பு பெல்ட் சான்றிதழ் வழங்கும் உரிமை குக்கிவோனுக்கு வந்ததும் பழைய கூடங்களின் பிடி தளர்ந்தது. 1978இல் அவை முறைப்படி ஒன்றாக்கப்பட்டன. இதில் சேர மறுத்த ஹ்வாங் கீ, அரசோடு வழக்காடி வென்றும் நிம்மதி கிடைக்காமல், தம் கலையோடு அமெரிக்கா போனார். 2000 ஆண்டுக் கதை அதிகாரபூர்வப் பாடமாக இறுகியது இந்தக் காலத்தில்தான். ஒலிம்பிக்கின் கதவைத் தட்டும் நாடு, தான் கொண்டுவருவது முன்னாள் ஆட்சியாளரிடம் கற்றது என்று சொல்லிக்கொண்டு போக முடியாது. அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக அரை நூற்றாண்டு கழித்தும் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி.

சோயின் பாதை இதற்குள் பிரிந்துவிட்டது. 1966இல் மலேசியா, சிங்கப்பூர், வியட்நாம் உட்பட ஒன்பது நாடுகளை வைத்துச் சியோலில் அவர் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பையும் தூக்கிக்கொண்டு 1972இல் கனடாவுக்குப் போனார். 1980இல் தம் குழுவை வடகொரியாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கலை வேரூன்றியது; தென்கொரியாவில் அவர் பெயர் வரலாற்றிலிருந்து ஏறக்குறைய அழிக்கப்பட்டது. அவரும் வரலாற்றைத் திருத்தத் தயங்கவில்லை. சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்துப் பியோங்யாங்கில் சிறைவைக்கப்பட்ட தேசியத் தலைவர் சோ மான்-சிக்கின் புனைபெயரான கோ-தாங் என்ற வடிவத்தை நீக்கிவிட்டு, வடகொரிய அரசின் கொள்கைப் பெயரான ஜூசேயை அந்த இடத்தில் வைத்தார். சில பயிற்சிக்கூடங்கள் இன்றும் கோ-தாங்கையே செய்கின்றன. சோய் 2002இல் பியோங்யாங்கில் இறந்தார். அதன்பின் அவர் அமைப்பு மூன்றாக உடைந்தது.

கிம்மின் பக்கம் வெற்றிமேல் வெற்றி. 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சிப் போட்டி, 2000 சிட்னியில் முழுப் பதக்கப் போட்டி. ஒரு நாடு ஆண்களில் இருவரையும் பெண்களில் இருவரையும் மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு இருந்ததால், கொரியாவே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியவில்லை. பாயும் கவசமும் ஓர் ஆசிரியரும் இருந்தால் போதுமென்ற நிலையில் ஏழை நாடுகளும் உள்ளே வந்தன. ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2008இல் ரொஹுல்லா நிக்பாய் வென்ற டேக்வாண்டோ வெண்கலம். கபோனின் முதல் பதக்கம் 2012இல், ஜோர்டானின் முதல் பதக்கமும் ஐவரி கோஸ்டின் முதல் தங்கமும் 2016இல், எல்லாம் இதில்தான். ரியோவில் ஜோர்டானின் அகமது அபுகௌஷிடம் காலிறுதியில் தோற்ற கொரிய நட்சத்திரம் லீ தே-ஹூன், வென்றவரின் கையைத் தாமே உயர்த்திப் பிடித்தது பலருக்கு நினைவிருக்கும். கிம் உன்-யோங்கின் முடிவு இவ்வளவு நன்றாக அமையவில்லை. நிதி மோசடி வழக்கில் 2004இல் தண்டிக்கப்பட்டு, சர்வதேச ஒலிம்பிக் குழுவிலிருந்து அடுத்த ஆண்டு விலகினார்.

நடுவரின் காதையும் கண்ணையும் நம்பிய புள்ளிமுறை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நொறுங்கியது. தகுதிநீக்கம் செய்யப்பட்ட கியூபாவின் ஆங்கெல் மாட்டோஸ் நடுவரின் முகத்தில் உதைத்தார்; இன்னொரு ஆட்டத்தின் முடிவு காணொளியைப் பார்த்த பிறகு மாற்றி அறிவிக்கப்பட்டது. எனவே 2012 லண்டனில் ஹோகுவுக்குள் மின்னணு உணரி வந்தது, காலுறையில் காந்தம் வந்தது. சர்ச்சை குறைந்தது, ஆட்டம் மாறியது. அரங்கை அதிரவைக்கும் உதையும், குறிப்பிட்ட அளவைத் தாண்டி மெல்லத் தட்டும் உதையும் ஒரே புள்ளி பெறும்போது, வீரர் ஏன் முழு வலுவைச் செலவிட வேண்டும்? முன்காலைத் தூக்கி நிறுத்தி, ஒற்றைக்காலில் நொண்டியபடி, எதிராளியின் ஹோகுவைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் ஆட்டம் பெருகியது. பார்வையாளர்கள் அதைக் காலால் ஆடும் வாட்போட்டி என்று கிண்டலடித்தார்கள். சுழன்றுதைக்கும் உதைகளுக்குப் புள்ளியைக் கூட்டியும், பாயின் அளவைச் சுருக்கியும், தவிர்த்து ஓடுபவருக்குத் தண்டனை கொடுத்தும் கூட்டமைப்பு ஈடுகட்டப் பார்த்தது. முழுமையாக ஈடாகவில்லை.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கொரியா டேக்வாண்டோவில் ஒரு தங்கமும் வெல்லவில்லை. சிட்னியிலிருந்து பார்த்தால் இதுவே முதன்முறை. தாய்லாந்து வீராங்கனை பனிபாக் வென்ற தங்கத்துக்குப் பின்னால் இருந்தவர் சோய் யோங்-சோக் என்ற கொரியப் பயிற்சியாளர்; பின்னர் அவர் தாய்லாந்துக் குடியுரிமையே பெற்றுக்கொண்டார். பாரிஸில் 2024இல் கொரியா இரண்டு தங்கங்களோடு மீண்டாலும், ஆட்டம் சலிக்கிறது என்ற குறை உள்நாட்டிலேயே ஓயவில்லை. அதற்குக் கொரியச் சங்கம் 2020இலேயே ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்தது: பவர் டேக்வாண்டோ என்ற போட்டியில் வீடியோ கேம் போல இரு வீரர்களுக்கும் திரையில் ஓர் ஆற்றல் பட்டை ஓடுகிறது, உதையின் வலுவுக்கேற்ப எதிராளியின் பட்டை குறைகிறது, விதி மீறுபவருக்குச் சில நொடிகள் இரட்டைச் சேதம். பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். மூங்கில் பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு அடித்துப் பார்த்த ஜி தோ குவான் இளைஞர்களுக்கு இது பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.